மூன்று கோடுகள் பாக்கி

சந்தனமாரி செல்போனை மேஜைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

திரையில் ஒரு முதுகு. அவள் தம்பி இசக்கிபாண்டியின் முதுகு. இருபத்து மூன்று வயதுப் பையன். ஒரகடத்தில் லாரிக்கு அச்சு செய்யும் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் வேலை. போன வாரம் வாலாஜாபாத் ரோட்டோரம் மண்டை உடைந்து பிணமாகக் கிடந்தான். பிணவறையில் வெள்ளைத்துணி சுற்றுவதற்காகப் புரட்டியபோது அவள் எடுத்த படம் அது.

"லாரி அடிச்சிட்டுன்னு சொல்லுதாவ அண்ணாச்சி," என்றாள். "லாரி அடிச்சா கை கால் நசுங்கும். முதுகுல கோடு போடுமா?"

வனமாமலை போனைக் கையில் எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நாங்குநேரிக்காரர். சப்-இன்ஸ்பெக்டர் வேலையை உதறிவிட்டு வந்து, ஒரகடம் கூட்டு ரோட்டில் பரோட்டாக் கடைக்கு மேலே துப்பறியும் நிறுவனம் என்று போர்டு மாட்டியிருந்தார். போர்டுதான் பெரிது. நிஜத்தில் அவருக்குக் கம்பெனிகள் கொடுத்த வேலை, முதுகுவலி என்று மெடிக்கல் லீவு போட்டவன் வீட்டில் படுத்திருக்கிறானா, வல்லக்கோட்டைத் திடலில் கிரிக்கெட் ஆடுகிறானா என்று பார்த்துச் சொல்வது.

அவருடைய உதவியாளர் மதிவதனி எட்டிப் பார்த்தாள். வடக்குப்பட்டுக்காரி. முந்தி ஒரு கம்பெனியில் லைனில் நின்றவள். ஓவர்டைம் பார்க்க மறுத்ததற்காக இல்லை, இடுப்பைத் தொட்டதற்காக சூப்பர்வைசரை அறைந்து வேலையை இழந்தவள். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பாள். இந்தப் படத்துக்கு அவளிடம் கிண்டல் எதுவும் இல்லை.

சாண் நீளத்துக்கு, விரலைவிட அகலமாக, பக்கத்துப் பக்கத்தில் ஐந்து கொப்புளப் பட்டைகள். ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி நேர். இடது பக்கம் ஒழுங்கான ஓரத்தோடு தொடங்கி, வலது பக்கம் சட்டென்று நின்றுபோயிருந்தன.

"சட்டையைக் கொண்டாந்தியாம்மா?" என்றார் வனமாமலை.

சந்தனமாரி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஸ்டேஷனில் கொடுத்த சட்டை. காலரில் ரத்தம் காய்ந்திருந்தது. முதுகுப் பக்கத்தில் ஒரு கிழிசல் இல்லை, ஒரு கறை இல்லை. பொத்தான்கள் ஒன்று தள்ளி ஒன்று மாறிப் போட்டிருந்தன.

"சட்டை இல்லாத நேரத்துல சுட்டுருக்கு," என்றார் வனமாமலை. "பெறவு வேற யாரோ மாட்டி விட்டுருக்கான். மதி, இந்தக் கோட்டைப் பாத்தா உனக்கு என்ன தோணுது?"

"சார், தோசைக்கல்லுல கோடு கெடயாது. இஸ்திரிப் பெட்டிலயும் கெடயாது."

"எனக்கு ஒரு தடவை இடுப்பு பிடிச்சப்போ ஒத்தடம் குடுத்தாவ. ஹாட் பேக்குன்னு பேரு. கேன்வாஸ் துணியில எட்டு அறை தச்சு, உள்ள களிமண் மாதிரி ஒரு மாவை அடைச்சிருப்பான். அதைக் கொதிக்காத சுடுதண்ணித் தொட்டியில எப்பவும் ஊறப் போட்டிருப்பான். எடுத்து ஆறேழு மடிப்பு டவல்ல சுத்தித்தான் உடம்புல வைக்கணும். டவல் இல்லாம வச்சா இப்படித்தான் வரும். அறை இருக்குற இடம் வெந்துபோகும், தையல் இருக்குற இடம் தப்பிக்கும்."

"எட்டு அறைன்னீங்களே. இங்க அஞ்சுதானே கீது?"

வனமாமலை அவளை மெச்சிப் பார்த்தார். "அதான் கேள்வி. பேக்கு எட்டு. இவம் முதுகுல அஞ்சு. மிச்ச மூணு காத்துல போகல. இவனை ஒட்டிக்கிட்டு இன்னொரு உடம்பு இருந்திருக்கு. இவனைத் திமிறாம கட்டிப் பிடிச்சிருந்த உடம்பு. அந்த மூணு கோடு யார் மேல இருக்கோ, அவந்தான் கூட்டாளி."

சந்தனமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவனுக்கு ஒரு மாசமா முதுகுவலி. ரத்தினம் அண்ணன்தான் அவரு வீட்டு கிளினிக்குக்கே அனுப்புனாவ. காசு வாங்கல. பொணத்தை ஊருக்கு அனுப்ப வண்டி பிடிச்சதும் அவருதான். அவரு மட்டும் இல்லைன்னா நான் என்ன செஞ்சிருப்பேனோ."

ரத்தினம் என்றால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் காண்ட்ராக்டர். மனைவி சுகப்பிரியா பிசியோதெரபிஸ்ட்.

மதிவதனி அதற்குள் போனில் இருந்தாள். அக்கம்பக்கத்தில் இருந்த பிசியோ சென்டர்கள் மூன்றுக்கும் ஒரே கேள்வி. தண்ணீரில் ஊறுகிற ஒத்தடம் உண்டா? ஒன்றில் கரண்ட் விளக்கு, இன்னொன்றில் மைக்ரோவேவில் வைக்கிற ஜெல் பை. மூன்றாவது இடத்தில் மட்டும், உண்டு, வாங்க என்றார்கள்.

"சிங்கப்பெருமாள்கோவில் ரோடு, சுகம் பிசியோ சென்டர்," என்றாள் போனை வைத்துவிட்டு. "ரத்தினத்தோட கிளினிக்கு. சார், எனக்கு இப்பவே முதுகு வலிக்குது."

*

மத்தியானம். பகல் ஷிஃப்ட் முடிய இன்னும் நேரமிருந்தது. சாலையில் கம்பெனி பஸ்கள் இல்லை, கன்டெய்னர்கள்தான் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. பைக்கை மதிவதனி ஓட்டினாள், வனமாமலை பின்னால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் உன் புருஷன்னு சொல்லணுமா?"

"ஐயே. அண்ணன்னு சொல்லுங்க சார். எனக்கும் ஒரு டேஸ்ட்டு கீதுன்னு ஊர் நம்பணும்."

கிளினிக் வாசலிலேயே ரத்தினம் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, தங்கக் கடிகாரம், காலில் கனமான சேஃப்டி ஷூ. அப்போதுதான் ஏதோ பிளான்ட்டுக்குப் போய் வந்திருந்தார் போல. இருவரையும் பார்த்துச் சிரித்தார்.

"வாங்க, வாங்க. முதுகா? இந்த ஊர்ல எல்லாருக்கும் முதுகுதான். இன்னா பண்றது, தூக்குற வேலை. நம்ம பசங்க முதுகு நல்லா இருந்தாத்தான் நம்ம பொழப்பு ஓடும். தங்கச்சி உள்ள போம்மா. அண்ணன் வாங்க, ஒரு டீ சாப்பிடலாம்."

வனமாமலை மதிவதனியை ஒரு தடவை பார்த்தார். ஏதாவது தெரிந்தால் மெசேஜ் கொடு என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். பிறகு ரத்தினத்தோடு பக்கவாட்டுச் சந்தில் நடந்தார். சந்தின் கோடியில் ரத்தினத்தின் வேனும், அதன்மேல் சாய்ந்து டிரைவரும் நின்றிருந்தார்கள்.

உள்ளே ஒரு நீள அறை. மூன்று கட்டில், நடுநடுவே பச்சைத் திரை. சுவரோரம் இடுப்பு உயரத்துக்கு ஒரு ஸ்டீல் தொட்டி, நாலு சக்கரத்தின்மேல் நின்றுகொண்டு ஆவியை விட்டுக்கொண்டிருந்தது. மூடி திறந்திருந்தது. உள்ளே கம்பிகளில் கேன்வாஸ் பைகள் தொங்கின. பக்கத்துக் கொக்கியில் ஒரு முழ நீளத்தில் இரும்பு இடுக்கி.

சுகப்பிரியாவுக்கு முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைக் கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தாள். அந்த வெயிலுக்கு அது ஒட்டவில்லை.

"எங்க வலி?"

"எங்க இல்லன்னு கேளுங்க டாக்டர். சீக்கிரம் சொல்லிடுவேன்."

சுகப்பிரியா சிரிக்கவில்லை. கட்டிலைக் காட்டினாள். மதிவதனி குப்புறப் படுத்தாள். இடுக்கியால் ஒரு பேக்கைத் தூக்கி, சொட்டச் சொட்டத் தண்ணீரை வடியவிட்டு, டவலில் சுருட்டி முதுகில் வைத்தாள் சுகப்பிரியா. வெதுவெதுவென்று சூடு இறங்கியது. சும்மா சொல்லக் கூடாது, சுகமாகத்தான் இருந்தது. மதிவதனி கையைப் பின்னால் விட்டு டவலுக்குள் விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு தையல், ஒரு மேடு, ஒரு தையல், ஒரு மேடு. எட்டு மேடு.

ஒன்றை அவள் கவனித்தாள். எல்லா வேலையையும் சுகப்பிரியா இடது கையால் செய்தாள். வலது கை மார்புக்கு மேலே எழவே இல்லை.

"இன்னொரு டவல் வேணும் டாக்டர். சுடுது."

சுகப்பிரியா குனிந்தாள். கோட்டின் காலர் விலகியது. பிடரிக்குக் கீழே வலது தோளில் மருந்து பூசிய கொப்புளங்கள். நேர் நேராக. ஒன்று, இரண்டு, மூன்று.

மதிவதனி அசையாமல் படுத்திருந்தாள். சுகப்பிரியா திரைக்கு அந்தப் பக்கம் போனதும் தலையணைக்கு அடியில் வைத்துப் போனைத் தட்டினாள். மூணு கோடும் கிடைச்சுது, டாக்டரம்மா தோளில்.

பதில் உடனே வந்தது. அவதான் அவனைப் பிடிச்சிருந்தவ. பதறாம எழுந்து வெளிய வா.

எழுந்துவிடத்தான் நினைத்தாள். ஒரு கையை ஊன்றினாள். ஆனால் ஏதோ ஒன்று இடித்தது. ஒருத்தனைத் திமிறாமல் பிடித்துக்கொள்கிறவள் அவனுக்கு எதிரே நிற்பாள். சுட்டால் கையில் சுடும், நெஞ்சில் சுடும். இவளுக்குச் சுட்டிருப்பது பின்தோள். அவனுக்கும் முதுகு, இவளுக்கும் முதுகு. இரண்டு பேருமே சுடுகிறவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். முன்னால் ஒருத்தி சுருண்டு கிடக்க, அவள்மேல் இன்னொருத்தன் கவிழ்ந்து படுத்தால்தான் அப்படி வரும். அவன் உடம்பால் மூடமுடியாமல் வெளியே நின்றுபோன தோளில் மிச்ச மூன்றும் விழுந்திருக்கும்.

அவனை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. அவன்தான் குறுக்கே விழுந்திருக்கிறான்.

மதிவதனி கையைத் தளர்த்தி மறுபடி படுத்துக்கொண்டாள்.

"டாக்டர்," என்றாள் மெதுவாக. "இசக்கிபாண்டி இந்தக் கட்டில்லயா படுத்துகினு இருந்தான், அந்தக் கட்டில்லயா?"

திரைக்கு அந்தப் பக்கம் ஏதோ டவல் கீழே விழுந்தது. சுகப்பிரியா திரையை விலக்கிக்கொண்டு வந்தபோது அவள் உதடு வெளுத்திருந்தது.

"நீங்க யாரு?"

"அவன் அக்கா அனுப்பிச்சு வந்தவங்க. உங்க தோளைப் பாத்துட்டேன்கா. உங்களை அடிச்சது யாருன்னு தெரியலை. அவன் உங்களை அடிக்கலைன்னு மட்டும் தெரியுது."

சுகப்பிரியா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பேச்சு கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"வர்ற பசங்களுக்கெல்லாம் ரெஸ்ட் எடுக்கணும்னு எழுதிக் குடுக்கிறேன்னு அவருக்குக் கோபம். ஒத்தடம் குடுத்து அடுத்த ஷிஃப்ட்டுக்கு அனுப்பத்தான் உன்னை இங்க உட்கார வச்சிருக்கேன்னு சொல்வாரு. அன்னைக்கு வந்து முடியைப் பிடிச்சுக் கீழே தள்ளினாரு. அந்தப் பையன் திரைக்குப் பின்னால படுத்திருந்தது அவருக்குத் தெரியாது. தொட்டியில இருந்து பேக்கை எடுத்து... நான் சுருண்டுக்கிட்டேன். அவன் ஓடிவந்து என் மேல விழுந்தான். இவரு பேக்கைப் போட்டு ஷூ காலால மிதிச்சாரு. நாத்தம் வர்ற வரைக்கும் காலை எடுக்கலை. அப்புறம் அவன் எழுந்து அவர் கையைப் பிடிச்சான். இடுக்கியால தலையில அடிச்சாரு. அப்புறம் அவரும் டிரைவரும் சட்டையை மாட்டி வேன்ல தூக்கிட்டுப் போனாங்க."

அவள் விரல் கொக்கியில் தொங்கிய இடுக்கியைக் காட்டியது.

"வெளிய போலாம்கா. எங்க சார் கீறாரு. வாங்க."

அப்போது கரண்ட் போனது. தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த ஃபேன் இழுத்து இழுத்து நின்றது. அந்த அமைதியில் வாசல் ஷட்டர் கீழே இறங்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

*

அறை இருட்டிவிட்டது. பின்பக்கத்து வென்டிலேட்டரில் மட்டும் ஒரு கீற்று வெயில்.

"படு தங்கச்சி, படு," என்றார் ரத்தினம். குரலில் அதே சிரிப்பு. "ஒத்தடம் பாதியில எழுந்திருக்கக் கூடாது. கரண்ட் போனாலும் நம்ம தொட்டி சூடு ஆறாது."

"எங்க அண்ணன் எங்க?"

"அண்ணனா. டிரைவர் பாத்துக்கினு கீறான். வனமாமலை, எஸ்.ஐ. வேலையை வுட்டுட்டு வந்த ஆளு, நீ மதிவதனி, வடக்குப்பட்டு. காலையிலயே சந்தனமாரி போன் பண்ணிச்சு. அண்ணே, டிடெக்டிவ்கிட்ட போயிட்டு வந்தேன், உங்க கிளினிக்கு பேரும் சொல்லியிருக்கேன்னு. நல்ல பொண்ணு. எதையும் என்கிட்ட கேக்காம செய்யாது."

அவர் கொக்கியிலிருந்து இடுக்கியை எடுத்தார். தொட்டிக்குள் விட்டு ஒரு பேக்கை இழுத்தார். ஆவி அவர் முகத்தை மறைத்தது.

மதிவதனிக்கு அப்போது பயம் வந்தது. சூப்பர்வைசரை அறைந்தபோது வராத பயம். அந்த பயத்தோடேயே முதுகில் இருந்த பேக்கை டவலோடு பிடுங்கி அவர் முகத்தைக் குறிபார்த்து வீசினாள். அது காதோரம் பட்டு விழுந்தது. ரத்தினம் ஒரு அடி பின்வாங்கினார், பிறகு இடுக்கியில் தொங்கிய பேக்கைச் சுழற்றி அடித்தார். ஈரமும் சூடுமாக மூன்று கிலோ கனம். அவள் உருண்டாள். கட்டிலின் ரெக்ஸின் மேல் அது சடார் என்று விழுந்தது, தெறித்த தண்ணீர் பட்டு அவள் கன்னம் பொத்துக்கொண்டது.

அவள் கட்டிலுக்கு அந்தப் பக்கம் குதித்தாள். ரத்தினம் கட்டிலையே தூக்கிக் கவிழ்த்தார். இரும்புச் சட்டம் முட்டியில் இடித்து அவள் விழுந்தாள். எழுவதற்குள் இடுக்கி இறங்கியது. மறித்த இடது கையில் ஏதோ முறிந்தது அவளுக்கே கேட்டது. வலி பிறகுதான் வந்தது. வந்தபோது கண் இருண்டது.

ஷூ கால் அவள் முதுகில் ஏறியது. நெஞ்சு தரையோடு அப்பியது. கேன்வாஸ் பை கழுத்துக்குப் பக்கத்தில் வந்ததும் அதன் அனல் முதலில் காதைத் தொட்டது. பிறகு சதையைத் தொட்டது. அவள் கத்தினாள். இப்படித்தான் அவனும் கிடந்திருப்பான் என்று அந்தக் கத்தலுக்கு நடுவிலும் நினைப்பு ஓடியது.

முகம் தரையில் திரும்பியிருந்ததால் சுவரோரம் சுகப்பிரியாவின் கால்கள் தெரிந்தன. அசையாத கால்கள். அடி விழும்போதெல்லாம் அப்படியே நின்று பழகிப்போன கால்கள். அவற்றுக்குப் பக்கத்தில் தொட்டியின் சக்கரம், சக்கரத்தின்மேல் சிவப்புப் பிரேக் கட்டை.

"அக்கா," என்றாள் மதிவதனி. மூச்சு இருந்தது அவ்வளவுதான். "சக்கரத்து லாக்கு. காலால தட்டுங்க. தள்ளுங்க."

"அவ தள்ளமாட்டா," என்றார் ரத்தினம். "அவளை எனக்குத் தெரியும்."

டக் என்று ஒரு சத்தம். பிறகு இன்னொரு டக்.

சுகப்பிரியா நல்ல தோளைத் தொட்டியில் கொடுத்தாள். தண்ணீரும் இரும்புமாக ஒரு ஆள் எடைக்கு மேல் இருக்கும் அது, முதலில் அசையவில்லை. பிறகு முனகிக்கொண்டு உருண்டது. உருள ஆரம்பித்ததும் நிற்கவில்லை. ரத்தினம் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. தொட்டி மதிவதனியின் தலைமாட்டை ஒட்டி வந்து அவர் இடுப்பில் மோதித் தள்ளிக்கொண்டு போய் எதிர்ச் சுவரோடு வைத்து நெரித்தது. உள்ளே இருந்த தண்ணீர் ஒரு அலையாக எழும்பி வயிற்றிலும் தொடையிலும் கவிழ்ந்தது.

அவர் போட்ட சத்தம் மனுஷச் சத்தமாக இல்லை. இடுக்கி கீழே விழுந்தது. சுகப்பிரியா விடவில்லை. இடுப்பைக் கொடுத்துத் தொட்டியை அழுத்திக்கொண்டே கீழே குனிந்தாள். தண்ணீர் வடிக்கிற குழாயைத் திருகினாள். சுடுநீர் சீறிக்கொண்டு நேராக அவர் ஷூவுக்குள் இறங்கியது. சேஃப்டி ஷூ, கணுக்கால்வரை இறுக்கிக் கட்டியது. உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை.

மதிவதனி சுடுதண்ணீர் வருவதற்குள் ஒற்றைக் கையால் ஊர்ந்து கவிழ்ந்த கட்டிலின்மேல் ஏறிக்கொண்டாள். சுகப்பிரியா இடுக்கியைப் பொறுக்கி எடுப்பதை அங்கிருந்து பார்த்தாள். மார்புக்கு மேல் எழவே எழாத அந்த வலது கை எழுந்தது. ரத்தினத்தின் தலை தொட்டியின் விளிம்பில் சாய்ந்து கிடந்தது.

"அக்கா, வேணாம்."

"அவன் தலையில மூணு தடவை அடிச்சாரு," என்றாள் சுகப்பிரியா. கை இறங்கவில்லை.

"சரி. அத்த யார் சொல்றது? பாத்தவங்க நீங்க ஒருத்தர்தான். நீங்க ஜெயிலுக்குப் போயிட்டா லாரிதான் அடிச்சிச்சுன்னு எழுதி மூடிடுவான். இவன் உயிரோட கோர்ட்டுல நிக்கணும். நீங்க எதிர்ல நிக்கணும்."

சுகப்பிரியா அப்படியே நின்றாள். பிறகு இடுக்கியைத் தூக்கி மூலையில் எறிந்தாள். எறிந்த வேகத்தில் தோள் கொப்புளம் உடைந்து கோட்டில் ஈரம் பரவியது.

ஷட்டர் வெளியிலிருந்து கரகரவென்று மேலே போனது. வெயிலோடு வனமாமலை உள்ளே வந்தார். புருவத்துக்கு மேல் பிளந்து பாதி முகம் ரத்தம். கையில் ஒரு ஜாக்கிக் கம்பி. அவருக்குப் பின்னால் சந்தில் டிரைவர், தன் லுங்கியாலேயே கைகள் கட்டப்பட்டு, ஜட்டியோடு குப்புறக் கிடந்தான்.

அறையை ஒரு சுற்று பார்த்தார். சுவரோடு ஒட்டி முனகுகிற ரத்தினம், தரையெல்லாம் ஆவி, கட்டில்மேல் ஒரு கை தொங்கிய மதிவதனி.

"மதி," என்றார். "வெளிய வான்னு சொன்னேன்."

"நீங்க சொன்னது தப்பு சார். அத்தொட்டு வரலை." அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். "அந்த மூணு கோடு கூட்டாளியோடது இல்ல. அவன் காப்பாத்துனவங்களோடது."

வனமாமலை சுகப்பிரியாவைப் பார்த்தார். தன் தோளில் இருந்த துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார். பிறகு போனை எடுத்தார்.

*

அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தது. மதிவதனியின் கையில் மாவுக்கட்டு, கழுத்தில் பஞ்சு. உள்ளே வார்டில் ரத்தினம் போலீஸ் காவலில் படுத்திருந்தார். இரண்டு காலையும் டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் வாக்குமூலம் எழுத ஆளைக் கூப்பிடப் போயிருந்தார்.

சந்தனமாரி தான் வேலை செய்யும் கம்பெனியின் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்தாள். கழுத்தில் ஐடி கார்டுகூடக் கழற்றவில்லை. வனமாமலை அவளைத் தள்ளிக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னார். மெதுவாக, எதையும் விடாமல். காலையில் அவளே ரத்தினத்துக்குப் போன் பண்ணின விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அவள் அதைத் தானே புரிந்துகொண்டாள்.

மதிவதனியிடம் வந்து கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். "நான்தானக்கா அவருகிட்ட சொன்னேன். நான் சொன்னதாலதான உங்களுக்கு இப்படி ஆச்சு."

"அத்த வுடு. நான் எப்படியும் அங்க போயி யார்கிட்டனா அடி வாங்கியிருப்பேன். என் ராசி அப்படி."

சந்தனமாரி பெஞ்சின் மறுகோடிக்குப் போனாள். அங்கே உட்கார்ந்திருந்த சுகப்பிரியா எழுந்து நின்றாள்.

"எம் தம்பி கடைசியா என்ன சொன்னான்?"

"ஓடுங்கக்கான்னு சொன்னான். நான் ஓடலை."

"அவன் செத்து ஒரு வாரம் ஆகுது. இந்த ஒரு வாரம் நீ என்ன செஞ்ச?"

சுகப்பிரியா தலையைக் குனியவில்லை. "அவருக்குச் சோறு போட்டேன். கிளினிக்கைத் திறந்தேன். தரையைக் கழுவினேன்."

சந்தனமாரி அறைந்தாள். வராந்தாவில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி அறை. சுகப்பிரியா தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கையைக்கூட உயர்த்தவில்லை. மதிவதனி எழப்போனாள். வனமாமலை அவள் நல்ல தோளைத் தொட்டு உட்கார வைத்தார்.

அதற்குள் இன்ஸ்பெக்டர் எழுதுகிற ஆளோடு வந்துவிட்டார். சுகப்பிரியாவை பெஞ்சில் உட்காரச் சொன்னார். பெயர், புருஷன் பெயர், வயது எல்லாம் கேட்டார். அதுவரை சொன்னாள். அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டபோது வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றாள். கண் வார்டுக் கதவையே பார்த்தது.

சந்தனமாரி பெஞ்சைச் சுற்றி வந்து, அந்தக் கதவு தெரியாதபடி அவளுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னைப் பாத்துச் சொல்லு," என்றாள். "அவன் உள்ள வந்தான். எந்தக் கட்டில்ல படுத்தான்?"

"ரெண்டாவது கட்டில்," என்றாள் சுகப்பிரியா.

"சட்டையை எங்க மாட்டுனான்?"

"மடிச்சு... தலைமாட்டுல வச்சான்."

"ம். பெறவு?"

எழுதுகிற ஆளின் பேனா ஓடத் தொடங்கியது. நடுவில் ஒருமுறை சுகப்பிரியா தண்ணீர் கேட்டாள். சந்தனமாரி தன் பையிலிருந்து பாட்டிலை எடுத்து மூடியைத் திருகித் திறந்தாள். கொடுக்கவில்லை. மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"முழுசும் சொல்லு," என்றாள். "பெறவு குடிக்கலாம்."